இரண்டு காந்தங்கள் இல்லை

பழைய பிளாஸ்டிக் பிளாக்குகளைக் கழுவுவதற்குத் தலையணை உறையைவிட நல்ல சாதனம் கிடையாது. ஜிப் வைத்த உறையாக இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் திணிக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, அரை மணி நேர ஊறல், அப்புறம் பட்டுத்துணியை அலசுகிற மாதிரி மெதுவாக ஓர் அலசல். வாஷிங் மெஷினில் போட்டால் ஆயிற்று என்று சிலர் அளப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டவர்களின் சரக்கை நான் பார்த்திருக்கிறேன். மினிஃபிகர்களின் முகத்தில் கண்ணும் மிஞ்சியிருக்காது, வாயும் மிஞ்சியிருக்காது.

கேட்டது ஒன்று, இவன் எழுதுவது ஒன்று என்று நினைப்பீர்கள், மேடம். "மொதல்லேர்ந்து எழுதுங்க. உங்க கையாலயே, உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனது நீங்கள்தான். முதல் என்றால் எனக்கு இதுதான் முதல். நேற்று உங்கள் எழுத்தர் டைப் செய்த தாளில் 'பொம்மை வியாபாரி' என்று ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. தப்பான விவரத்துக்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது, அது என் பழக்கம்.

பிளாக்குகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி வீடு, கப்பல், ரயில் என்று கட்டுகிற செட்டுகளை நீங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள். கம்பெனி ஒரு செட்டை இரண்டு மூன்று வருடம் விற்கும், பிறகு நிறுத்திவிடும். நிறுத்திய நாளிலிருந்துதான் அதற்கு மவுசு. சின்ன வயதில் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள், தலை நரைத்த பிறகு அதைத் தேடி வருவார்கள். நான் வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து மூட்டை மூட்டையாகக் கலந்த சரக்கை வாங்குவேன். பிரிப்பேன், கழுவுவேன், அந்தந்தச் செட்டின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எண்ணுவேன். குறைந்ததைத் தேடி நிரப்புவேன். படம் எடுத்து, விவரம் எழுதி, இணையத்தில் விற்பனைக்குப் போடுவேன்.

மினிஃபிகர் என்பது அந்தச் செட்டுகளோடு வருகிற கட்டைவிரல் உயர மனிதர்கள். தீயணைப்புக்காரர், சமையல்காரர், ரயில் ஓட்டுநர் என்று ஆளுக்கொரு தொழில். அவர்களுடைய தொப்பியைக் கழற்றலாம், முடியைக் கழற்றலாம், தலையையே கழற்றலாம். சிரிப்பு மட்டும் மாறாது. சில சமயம் முழு செட்டைவிட அதில் வந்த ஒரே ஒரு ஆளுக்குக் கிராக்கி அதிகம்.

இந்தத் தொழிலில் பொய்க்கு நிறைய இடம் இருக்கிறது. வெயில் பட்டு மஞ்சளான வெள்ளை பிளாக்கை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தால் புதுசு மாதிரி தெரியும். மினிஃபிகரின் இடுப்புக்கு மேலே மயிரிழை விரிசல் இருந்தால் கையை அந்தப் பக்கம் திருப்பி வைத்து மறைத்துவிடலாம். நான் இதுவரை அப்படிச் செய்ததில்லை. விரிசல் இருந்தால் விரிசல் என்று எழுதுவேன். முக்கியமாகப் பல் தடம். குழந்தைகள் இந்த பிளாக்குகளைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுப்பார்கள். அந்தத் தடத்தைச் சேகரிப்பவர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். ஒரே ஒரு பிளாக்கில் இருந்தால்கூட எழுதிவிடுவேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர் எனக்கு மதிப்பீடு எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. 'இவர் எழுதுவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். என் மனைவி பேச்சைக்கூட நான் அப்படி நம்பியதில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு.

இதற்கு முன்னால் ஒரு பெரிய கிடங்கில் பதினோரு வருடம் இருப்புச் சரிபார்ப்பவனாக இருந்தேன். அந்த வேலைக்கு மெஷின் வந்தது, நான் வெளியே வந்தேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன் நாலு வருடம் இருந்துவிட்டேன். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பால்கனியை ஒட்டிய பின்னறையை எனக்குக் கொடுத்தார்கள். சுவர் முழுக்க ஷெல்ஃப் அடித்து, இருநூற்றுப் பன்னிரண்டு சின்ன இழுப்பறைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டினேன். என் வாழ்க்கையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது அந்த அறையில் மட்டும்தான். அதை இழக்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் கேட்ட காரணம் இதுதான், இதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் முழுவதும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

குழந்தை பிறந்து அக்கா மறுபடி வேலைக்குப் போனபோது ஓர் ஏற்பாடு ஆயிற்று. காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை குழந்தை என் பொறுப்பு. பதிலுக்கு அறை என்னுடையது. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"உன் சாமான் ஒண்ணு, ஒரே ஒண்ணு, அவ கைக்குப் போச்சுன்னு வை, அன்னிக்கே கடையைக் கட்டிடணும். அப்புறம் அந்த ரூம் அவளுக்கு. தம்பி கிம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றேன். நியாயமான நிபந்தனைதான். அறை வாசலில் இடுப்பு உயரத்துக்குப் பலகையில் ஒரு தடுப்புக் கதவு செய்து, கொக்கியை என் பக்கம் வைத்தேன்.

அவளுக்கு இரண்டு வயது நாலு மாதம். பார்த்ததையெல்லாம் கடித்து வைப்பாள் என்று அத்தான் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தார். டிவி ரிமோட், நாற்காலி முனை, அத்தானுடைய வேலைக் கையுறை, எதுவும் அவளிடம் தப்பியதில்லை. நான் அதைச் சுருக்கிச் சுண்டு என்று கூப்பிடுவேன். என் வீட்டுப் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, தொந்தரவே இல்லாத குழந்தை. நான் சரக்குப் பிரிக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மோவாயைப் பலகைமேல் வைத்துக்கொண்டு நிறம் சொல்வாள். "செவப்பு, மாமா. பச்ச, மாமா." நீலத்தையும் பச்சை என்றுதான் சொல்வாள். நான் திருத்தியதில்லை.

என் தொழில் என்னவென்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் சரியாகப் புரிந்தது. துணி கிளிப், பாட்டில் மூடி, அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் துணி, எது கைக்குக் கிடைத்தாலும் தடுப்புக்கு மேலே நீட்டி, "இந்தா மாமா, வித்துக்கோ" என்பாள். நான் வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, "நல்ல சரக்கும்மா" என்று சொல்லி, நூற்று எண்பதாம் எண் இழுப்பறையில் போடுவேன். அது அவளுக்கென்று ஒதுக்கியது. எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. இதை எழுதக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் அடித்துவிடலாம். ஆனால் இருந்தது.

இனி ரயிலுக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு வீடு காலி செய்ததில் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் அது கிடந்தது. ஓர் எஞ்சின், மூன்று பெட்டி. என் வயதையொத்த செட். இப்போதைய ரயில்கள் மாதிரி இல்லாமல் அதில் பெட்டிக்குப் பெட்டி காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நாலு வண்டிக்கு எட்டு. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு உருண்டை. சின்ன பிளாஸ்டிக் வாயில் கவ்வ வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் அந்த வாய் தளர்ந்துபோய்விட்டது, ஓர் அழுத்து அழுத்தினால் காந்தம் வெளியே வந்துவிடும். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்துவைத்திருந்தேன்.

அந்த செட்டை எட்டு வருடமாக ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். வேறு நாட்டுக்காரர், முப்பது வருடம் நிஜ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அவரை ரயில்காரர் என்று சொல்வேன். நீள நீளமாகக் கடிதம் எழுதுவார். கிடைத்தது என்று தெரிவித்தபோது, அன்று இரவு தூங்கவில்லை என்று பதில் போட்டிருந்தார். முழு செட்டாக இருந்தால் மட்டும் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றார்.

திங்கட்கிழமை எண்ணினேன். எல்லாம் சரி. காந்தம் எட்டு, டிக் போட்டிருக்கிறேன், அந்தப் பட்டியல் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். வெள்ளை பிளாக்குகள் மஞ்சளாகிப் போனால் ஒரு வைத்தியம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்துக் கண்ணாடித் தட்டோடு வெயிலில் வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். ரயில் பெட்டியின் கூரை வெள்ளை. தட்டுகளை அறையிலிருந்து கூடம் வழியாகத்தான் பால்கனிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையிலும் தட்டு, ததும்புகிற மருந்து. தடுப்புக் கதவை நான் காலால் தள்ளித் திறந்தேன். மூடுவதற்கு இன்னொரு கால் இல்லை. நாலு நிமிடம் இருக்கும், ஐந்துக்கு மேல் போயிருக்காது.

திரும்பி வந்தபோது சுண்டு என் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் ரயிலின் கடைசிப் பெட்டி. அதன் முனை எச்சிலால் நனைந்திருந்தது. கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். கொஞ்சம் சிணுங்கினாள், ஒரு காலி டப்பாவைக் கொடுத்ததும் அதைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கொக்கியைப் போட்டேன். பெட்டியை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாயின் ஓரத்தில் இரண்டு பல் தடம், புதுசு. அதை எப்படி எழுதுவது என்றுதான் முதலில் யோசித்தேன்.

பன்னிரண்டரைக்கு அவள் தூங்கினாள். ரயிலை மறுபடி எண்ணினேன். காந்தம் ஆறு.

ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துத் தரை முழுவதும் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். காந்தம் எங்கே ஒளிந்திருந்தாலும் அதில் ஒட்டும். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு திருகாணியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன. கூடத்திலும் தடவினேன். தூங்குகிற குழந்தையின் கையைப் பிரித்துப் பார்த்தேன், கவுன் பையில் விரல் விட்டுப் பார்த்தேன். பையில் ஒரு துணி கிளிப் இருந்தது. பிறகு அறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு விளம்பரத்தைப் போட்டேன். ரயில்காரருக்கு வாக்குக் கொடுத்த நாள் அது. இப்படி எழுதினேன்: 'எஞ்சினும் மூன்று பெட்டிகளும். பெட்டிக்கூரை வெளுக்கப்படுகிறது. கடைசிப் பெட்டியின் இணைப்பில் இரண்டு பல் தடங்கள். இரண்டு காந்தங்கள் இல்லை.' எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"சமத்தா இருந்தாளா?"

"இருந்தாக்கா."

"உன் கடை?"

"தரையில ஒரு தூசி இல்ல, வேணும்னா பாரு."

பார்த்தாள். இல்லைதான். அந்தத் தரையை அவ்வளவு சுத்தமாக நான் அதற்குமுன் வைத்திருந்ததில்லை.

புதன்கிழமை காலையில் சுண்டு குடித்த பாலை அப்படியே கக்கினாள். அக்கா லீவு போடப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அனுப்பிவைத்தேன். அன்றைக்கும் மறுநாளும் டயப்பர் மாற்றுவது, அலசுவது எல்லாம் நானே செய்தேன். வேறு யாரையும் விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, பழைய ஸ்பூனால், ஒவ்வொரு முறையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். வரவில்லை. அக்கா அத்தானிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "பெத்தவ நானே மூக்கைப் பிடிச்சிக்கிறேன். என் தம்பி மூஞ்சி சுளிக்காம செய்யறான், பாத்தீங்களா?" என்றாள். அத்தான், "அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சிருந்தா இந்நேரம் நாலு புள்ளைய வளத்திருப்பான்" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை மாலை ரயில்காரர் கேட்டிருந்தார்: அந்த இரண்டு காந்தங்கள் நிரந்தரமாகத் தொலைந்தவையா, கிடைக்க வழியுண்டா? நான் எழுதிய பதிலை நீங்கள் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். வைக்கத் தேவையே இல்லை, எனக்கு மனப்பாடம். 'கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கவனித்துக்கொண்டிருக்கிறேன்.'

வியாழக்கிழமை ஜுரம் ஏறியது. வயிறு பலகை மாதிரி இருந்தது, தொட்டால் கத்தினாள். தெருமுனை டாக்டரிடம் போனோம். இளம் வயதுப் பெண், பொறுமையானவர். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் குழந்தைமேல் வைத்தார்.

"எதையாவது முழுங்கிட்டாளா? காசு, பட்டன் பேட்டரி, பொம்மையில இருக்கற சின்ன சாமான், அந்த மாதிரி?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானேடா பகல்ல கூட இருக்கே. எதையாச்சும் வாயில போட்டாளா?"

"என் கண்ணு முன்னாடி எதையும் போடலக்கா" என்றேன்.

அது உண்மை. நான் அப்போது பால்கனியில் இருந்தேன்.

"சந்தேகம்னா சொல்லுங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர். அக்கா இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. தெரிந்தவனிடம் கேட்கிற பார்வை, அவ்வளவுதான். எனக்கு அந்தச் சமயத்தில் ஷெல்ஃப் ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகளையும் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க எத்தனை நாள் ஆகும், அடுக்கி எங்கே கொண்டுபோவது என்று ஒரு கணக்கு ஓடியது. "தேவைப்படாதுன்னு நெனக்கறேன்" என்றேன். காலையிலிருந்து இதே மாதிரி வாந்தியும் ஜுரமுமாக ஐந்து குழந்தைகள் வந்துவிட்டன என்று சொல்லி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தவறு சொல்ல ஒன்றும் இல்லை, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. அவள் குளிக்கப் போன பத்து நிமிடம் நான் கட்டிலருகே இருந்தேன். சுண்டுவின் உதடு வெளுத்திருந்தது. அறையிலிருந்து சிவப்பு பிளாக் ஒன்றை எடுத்து வந்து காட்டினேன். பார்த்தாள், நிறம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். ஒரு துணி கிளிப். "இந்தா மாமா" என்றாள். 'வித்துக்கோ' என்பதைச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாங்கிக்கொண்டேன். நூற்று எண்பதில் போட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் நாளே சொல்லாததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாள் ஆக ஆக அந்தப் பதில் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

சனிக்கிழமை காலை அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை, நேராகப் படம் எடுத்துவிட்டார்கள். சர்ஜன் அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வயிற்றின் நடுவில் இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் நிதானமாக விளக்கினார். ஒரு காந்தம் முன்னால் போய்விட்டது, இன்னொன்று பின்னால் வந்தது. குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டன. நடுவில் அகப்பட்ட சுவர் இரத்தம் இல்லாமல் செத்துப் பொத்துக்கொண்டது. "எப்ப முழுங்கினாளோ தெரியல. மொத நாளே வந்திருந்தா வயித்தைத் திறக்காமலே எடுத்திருக்கலாம்" என்றார். அக்கா, "இது எங்கேர்ந்து வந்துச்சு? எங்கேர்ந்து வந்துச்சு?" என்று எல்லோரையும் கேட்டாள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற அலங்காரப் பொம்மையிலிருந்து வந்திருக்கும் என்று அத்தான் சொன்னார். அன்று இரவே வயிற்றைத் திறந்து இரண்டையும் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. இதை நீங்கள் கல்நெஞ்சு என்று எழுதிக்கொள்வீர்கள். எனக்கே அது என்னவென்று தெரியவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, கன்னம் இருப்பது தெரியும், கிள்ளுவது தெரியாது, அந்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். நான் இல்லாவிட்டால் அந்த வீடு என்னவாகியிருக்கும் என்று அத்தானின் தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் மாட்டிக்கொண்ட விதத்தை உங்கள் எழுத்தர் தப்பாகப் போட்டிருக்கிறார். அக்கா சந்தேகப்பட்டு என் லேப்டாப்பைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, அதாவது சரியாக ஒரு வாரம் கழித்து, என் சரக்குக்குக் காத்திருக்கிறவர்கள் பதில் வராமல் குறை எழுதிவிடப் போகிறார்களே என்று நினைத்திருக்கிறாள். எனக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு என்பது எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியும். 'வீட்டில் ஒரு துக்கம், தம்பி சில நாள் பதில் எழுத முடியாது, மன்னிக்கவும்' என்று எனக்காக நாலு வரி போடுவதற்குத் திறந்தாள். முதலில் இருந்த பெயர் ரயில்காரருடையது.

நான் பால்கனியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கூரை நன்றாக வெளுத்து வந்திருந்தது. அக்கா வாசலில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த ரயில்காரருக்குச் சொல்லியிருக்கே" என்றாள். "எனக்கு ஏன்டா சொல்லல?"

"ரூமைக் காலி பண்ணச் சொல்லியிருப்பேக்கா."

"ஆமா. சொல்லியிருப்பேன்." என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "அவ்வளவுதானேடா. ஒரு ரூம்தானேடா."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அத்தான்தான் உங்களுக்கு ஃபோன் செய்தார்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'தெரியுமா, தெரியாதா' என்று மூன்று தடவை கேட்டீர்கள். நான் சுற்றி வளைத்தேன். எழுதும்போது சுற்றி வளைக்க வராது. தெரியும். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, இணையத்தில் தேடினேன். குழந்தைகள் விழுங்குகிற சின்னப் பொருள்கள் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும் என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் காத்திருந்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. படித்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். அப்புறம்தான் விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. எனக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. குழந்தையையும் அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அறையை எடுத்துக்கொண்டேன். குழந்தை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவள் எதையும் என்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டதே இல்லை, இதையும் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

இதில் கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. 'பொம்மை வியாபாரி' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். 'தகவலை மறைத்தவர்' என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. அதையும் ஒருமுறை யோசியுங்கள். நான் எதையும் மறைத்து விற்பவன் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்று நாற்பதுக்கே உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நேற்று அடையாளம் சொல்லச் சொல்லி ஒரு கவரைக் காட்டினீர்களே, சீல் வைத்தது, அதில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தனவே, அவை அந்தச் செட்டைச் சேர்ந்தவைதான். வழக்கு முடிந்ததும் ரயில்காரருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். பாவம், எட்டு வருடமாகக் காத்திருக்கிறார். விளம்பரத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். காந்தம் எட்டும் இருக்கின்றன, எதுவும் குறையவில்லை.